நாமா, நாங்களா?

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்துவிட்டு நான்கு வருடமாக வேலைக்குக் காத்திருக்கிறேன். மண்டபத்தில் வலைக்கடை மாடியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாள்களைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் ‘என் வாழ்க்கையின் சந்தோஷமான சாயங்காலங்கள்’ என்று ஒரு வரி தவறாமல் வந்துவிடும். அந்த வரியை நம்பித்தான் ஆறு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுத் திண்ணையில் நானும் ஒரு வகுப்பு ஆரம்பித்தேன்.

பதினோரு பேர் வருகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் இரண்டு பேர், போகக் காத்திருப்பவர்கள் மூன்று பேர், மலேசியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டிய ஒரு அம்மா, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாத் தம்பிகள் இரண்டு பேர், கருவாட்டு வியாபாரம் பார்க்கும் அக்காமார் மூன்று பேர்.

ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்தது தொண்டைக்கட்டு மட்டும்தான். ஏபிசிடியிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றுமே தெரியாதவர்களுக்கு வேறு எப்படி ஆரம்பிப்பது? ‘ஐ ஹேவ்’ என்று ஐம்பது தடவை சொல்லிக்கொடுத்தாலும் ஐம்பத்தோராவது தடவை ‘டு மீ’ என்றுதான் வருகிறது. திருத்தினால் சிரித்து மழுப்புகிறார்கள். மறுநாள் வருவதில்லை. பிள்ளைகள் என்றால் அதட்டலாம், அப்பா வயதுக்காரரை என்ன செய்வது? ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு பழக்கம். எல்லாரையும் ஒரு பாடத்துக்குள் இழுத்து உட்கார வைப்பதற்குள் கரண்ட் போய்விடுகிறது.

என் கல்லூரித் தோழி வேறு, ‘தமிழே எழுதத் தெரியாத சனத்துக்கு இங்கிலீஷ் எதற்கு? இது தமிழுக்குத் துரோகம் இல்லையா?’ என்று கேட்கிறாள்.

அக்கா, அந்தச் சந்தோஷம் நிஜமா, எழுத்துக்காகச் சொன்னதா?

இப்படிக்கு,
தொண்டிப் பக்கத்து வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்துக்காகவும் கொஞ்சம் சொல்லியிருப்பேன். ஒன்பது வருடச் சாயங்காலங்கள் எல்லாமே சந்தோஷமாக இருந்திருந்தால் என் முழங்கால் இப்படி ஆகியிருக்காது. விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மாடித் தகரம் படபடவென்று அடித்துக்கொள்ளும், நான் கத்துவது கீழே வலைக்கடைக்காரருக்குக் கேட்கும், முன்னால் இருப்பவருக்குக் கேட்காது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் வகுப்பு நிரம்பும். அப்போது வீட்டில் காசு இருக்காது, அந்த முகங்களை வைத்துக்கொண்டு பாஸ்ட் டென்ஸ் நடத்துவது லேசு இல்லை.

சரி, சந்தோஷம் எங்கே என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதை நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘டு மீ’யைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒருநாள் குடும்பத்தைப் பற்றிப் பேச வைத்தேன். பஹ்ரைனில் படகு வேலை பார்த்துவிட்டு வந்த பாம்பன்காரர் எழுந்து, “டு மீ த்ரீ சில்ட்ரன் இஸ்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், புதுப் பாலத்தில் வெல்டிங் வேலைக்கு வந்திருந்த பீகார்த் தம்பி, தான் சரியாகச் சொல்லிவிடும் நம்பிக்கையில் எழுந்து, “மை டூ சில்ட்ரன் இஸ்” என்றான். ராமேஸ்வரத்து லாட்ஜில் சமையலுக்கு நின்ற வங்காளத் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் “மை ஒன் பிரதர் இஸ்” என்றான். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் 22 வருடம் இந்தத் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தவள். அன்றைக்கு என்னமோ சுழிக்கத் தோன்றவில்லை. “உங்க ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். தமிழில் ‘எனக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்’. இந்தியில் ‘என்னுடைய இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’. வங்காளியிலும் அதேபோல, ‘என்னுடைய ஒரு தம்பி இருக்கிறான்’. பாம்பன்காரர், “அரபியிலயும் அப்படித்தான் டீச்சரம்மா, ‘இந்தி’ன்னுதான் ஆரம்பிப்பான்” என்றார். பீகார்த் தம்பி யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தான். அந்த ‘இந்தி’க்கு அரபியில் ‘என்னிடம்’ என்று அர்த்தம். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்துகொண்டிருந்த மன்னார்ப் பெண்ணுக்குச் சிங்களமும் தெரியும். “சிங்களத்திலையும் ‘மட்ட’ எண்டுதான் துவங்கும் ரீச்சர். எனக்கு எண்டு அர்த்தம்” என்றாள்.

ஐந்து மொழி. ஐந்திலும் ‘ஹேவ்’ என்றொரு வினைச்சொல் இல்லை. பிள்ளையோ வீடோ காசோ, எனக்கு இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை நாள் தாங்கள்தான் மக்கு என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்கு ஒன்றுசேர்ந்து ஆங்கிலத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். “அப்ப அவன்தான் தனியாப் பேசுறான்” என்று பாம்பன்காரர் தீர்ப்புச் சொன்னார்.

(இதை வைத்து, சொந்தம் கொண்டாடுகிற புத்தி வெள்ளைக்காரனுக்கு, நமக்கு அது கிடையாது என்று ஒரு தத்துவம் கட்ட ஆசை வரும். எனக்கும் வந்தது. ராமநாதபுரம் கோர்ட்டில் வருஷக்கணக்காக ஓடும் வரப்புத் தகராறுகளை நினைத்துக்கொண்டேன், ஆசை போய்விட்டது.)

அதற்குப் பிறகு அந்தத் தப்பு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் மழுப்பிச் சிரிக்கவில்லை. தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது நம் வீட்டிலிருந்துதான் வருகிறது. நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான்: போர்டை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள், ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அவரவர் மொழியில் அதே வாக்கியம், நம் எழுத்திலேயே. ஒடியாவும் எழுதுங்கள். அந்தத் தம்பிகள் முகத்தை அப்போது பாருங்கள்.

அந்த வெல்டிங் தம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மூன்று மாதம் வாயே திறக்காதவன். ஒருநாள், “உன் வேலையைப் பற்றிச் சொல்லு” என்றேன். பழைய பாலம் 1914இல் திறந்தது. கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் கை தூக்குவது போல விரிந்த பாலம் அது, நமக்கெல்லாம் தெரியும். புதுப் பாலம் அப்படி இல்லை. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே ஏறும். இதை அவன் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, ‘ஸ்பேன்’, ‘லிஃப்ட்’, ‘டவர்’, ‘கவுண்டர்வெயிட்’ என்று தனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கி, இடையில் வினைச்சொல்லுக்கெல்லாம் கையை ஆட்டி, ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். படகுக்காரர்கள் கேள்வி கேட்டார்கள், அதையும் ஆங்கிலத்தில் கேட்டார்கள். ‘கவுண்டர்வெயிட்’ என்ற சொல்லை என் 22 வருட உத்தியோகத்தில் நான் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. 2025 ஏப்ரல் 6இல் பாலம் திறந்த அன்று அவன் எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தானோ, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: “மேடம்ஜி, ஐ ஹேவ் எ பிரிட்ஜ்.”

இனி உங்களைக் கொஞ்சம் கோபித்துக்கொள்கிறேன். ‘ஒன்றுமே தெரியாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. வகுப்பு தொடங்கியபோது ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். பெயர், ஊர், தொழில், படிப்பு. கீழக்கரையில் பிறந்து வேதாளைக்கு வாக்கப்பட்ட ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படிக் கூப்பிடுவார்கள்) வந்தார், அறுபது தாண்டியவர். துபாயில் படிக்கும் பேரப்பிள்ளைகள் வீடியோ காலில் இங்கிலீஷ் தவிர வேறு பேசுவதில்லை, அவர்களைத் திட்டுவதற்காவது இங்கிலீஷ் வேண்டும் என்று வந்தார். தமிழ் எழுதத் தெரியுமா என்றேன். இல்லை என்றார். படிப்பு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் அவர் நோட்டை எட்டிப் பார்த்தால், நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே வலமிருந்து இடமாக மணிமணியாக ஏதோ எழுதியிருக்கிறது. ஓதுவதற்குக் கற்ற எழுத்து போல, அரபி எழுதிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். “அரபி இல்ல புள்ள, இது தமிழுதான்” என்றார்.

அரபுத் தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதுவது. அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இதைக் கற்று, சமயப் பாட்டும் மருந்துக் குறிப்பும் கடிதமும் எழுதியிருக்கிறார்கள். லாத்தாவின் பாட்டி கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்கு இந்த எழுத்தில்தான் கடுதாசி போட்டாராம். ஒரு மொழியின் எழுத்தை எடுத்து இன்னொரு மொழிக்குப் பொருத்தி எழுதுகிற வித்தை சின்ன வயதிலேயே கைவந்த ஒருவருக்கு நான் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் இருந்த ‘இல்லை’யை அழிக்க ரப்பர் போதவில்லை, பேனாவில் எழுதித் தொலைத்திருந்தேன். பக்கத்தையே கிழித்தேன்.

அதற்குப் பிறகு லாத்தா என்னை விடவில்லை. ‘காட்டன்’ வந்தால் “இது அரபியில குத்னு” என்பார். ‘மான்சூன்’ என்றேன், “மவ்சிம்” என்றார். இரண்டுமே சரி. பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்தான் போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கட்டுமரம் 17ஆம் நூற்றாண்டில் ‘கேட்டமரன்’ ஆகிக் கப்பலேறியதை நான் சொன்னேன். கூகுளில் படத்தைக் காட்டியபோது பாம்பன்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. இரட்டை வயிறு உள்ள வெள்ளைச் சொகுசுப் படகு. “இதுல எங்கம்மா கட்டு, எங்கம்மா மரம்?”

உங்கள் தோழிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், இதை நீட்ட விருப்பம் இல்லை. ‘தமிழே எழுதத் தெரியாத சனம்’ என்று சொல்வதற்கு முன் அந்தச் சனத்தின் நோட்டை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துரோகம் என்ற பெரிய சொல்லுக்கு அவர் வீட்டுச் சாவியும் ஜன்னலும் அலமாரியுமே பதில் சொல்லும், மூன்றும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். எங்கள் வகுப்பில் வங்காளியும் பீகாரியும் ஆங்கிலம் கற்றார்களோ இல்லையோ, தமிழ் கற்றார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்த மொழி அதுதான்.

இன்னொரு விஷயம், கூப்பிடுவது. பாம்பன்காரருக்கு நான் டீச்சரம்மா. லாத்தாவுக்குப் புள்ள. வங்காளத் தம்பிக்கு தீதி, பீகார்த் தம்பிக்கு மேடம்ஜி, மன்னார்ப் பெண்ணுக்கு ரீச்சர். ‘வாட் இஸ் யுவர் நேம்’ என்று என்னைப் பார்த்துக் கேட்கச் சொன்னால் பாம்பன்காரர் கேட்கமாட்டார். பெயரைக் கேட்பதே தப்பு, அதிலும் ‘யுவர்’ என்றால் ‘உன்’ என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். இது நம் பள்ளிக்கூடங்கள் செய்த வேலை. ஆங்கிலத்தில் ‘நீ’க்குத் தனியாக ‘தௌ’ என்று ஒரு சொல் இருந்தது, வழக்கில் அது ஒழிந்து, பன்மைக்கும் மரியாதைக்கும் வைத்திருந்த ‘யூ’வே எல்லாருக்கும் என்று ஆகிவிட்டது, ஆகவே ‘யூ’ என்பது ‘நீங்கள்’தான் என்றேன். மனுஷருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் அவர் ‘யூ’ சொல்லும்போது லேசாகத் தலை குனியும்.

இதே ஆள்தான் இன்னொரு நாள் என்னை மடக்கினார். போர்டில் ‘வீ லிவ் நியர் த ஸீ’ என்று எழுதியிருந்தேன். “இந்த ‘வீ’ நாமளா, நாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினை கிடையாது, இரண்டுக்கும் ஒன்றுதான் என்றேன். வங்காளத் தம்பிக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றே புரியவில்லை, அவன் மொழியிலும் இல்லை, இந்தியிலும் இல்லை. நான் இலக்கணம் சொல்ல வாயெடுப்பதற்குள் பாம்பன்காரர் சொன்னார்: “சாப்பிடப் போறோம்னு ஒருத்தன் சொல்றான். ‘நாம’ன்னு சொன்னா உனக்கும் சோறு உண்டு. ‘நாங்க’ன்னு சொன்னா இல்ல.” நான் படித்த எந்த இலக்கணப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அப்புறம் அந்த வாக்கியத்தில் யார் யார் உண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். பீகார்த் தம்பி கையை உதறினான், அவன் ஊரில் கடல் இல்லை, இது வேலைக்கு வந்த கடல். மன்னார்ப் பெண் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். “எனக்கு ரெண்டும் சரிவரும் ரீச்சர்” என்றாள். நான் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். சில இடங்களில் டீச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவதுதான் நல்லது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் என்பதால் முதல் வருடம் முழுக்க நான் செய்தது கெடுதல்தான். புத்தகத்தில் பக்கத்து ஆளோடு கைகுலுக்கி அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லியிருந்தது. லாத்தா எந்த ஆம்பிளையோடு கைகுலுக்குவார்? புத்தகத்தில் பனி பெய்தது. எங்கள் ஊரில் மழையே பெய்வதில்லை. ஒரு லோடுமேன், நாற்பது வயது இருக்கும், ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தித் திருத்தினேன். மூன்றாவது நிறுத்தத்தில் சிரித்தார், நீங்கள் சொன்ன அதே மழுப்பல் சிரிப்பு. மறுநாள் வரவில்லை. மாதக்கணக்கு கழித்து உச்சிப்புளிச் சந்தையில் தூரத்தில் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. வாக்கியத்தை முடிக்க விடுங்கள். முடித்த பிறகு, “ஓ, யூ ஹேவ் த்ரீ சில்ட்ரன்?” என்று ஆச்சரியப்படுவது போலத் திருப்பிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு அது போதும், பிடித்துக்கொள்வார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், அவர்கள் கையில் இருப்பதிலிருந்து. 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் அன்ஜிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு கொடுத்தபோது, அவர்களுடைய வேலையிலும் பேச்சிலும் புழங்கும் சொற்களைத் திரட்டி அவற்றிலிருந்தே தொடங்கினார். செங்கல் என்பது அவர் முறையில் பேர்பெற்ற ஒரு சொல். நம் பக்கத்தில் அறிவொளி இயக்கம் 1990களில் புதுக்கோட்டையில் நடந்ததை உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார், எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் அவர்கள். உங்கள் வகுப்பில் வளைகுடா போகக் காத்திருப்பவர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஈசிஆர் என்றால் இரண்டு. ஒன்று உங்கள் வீட்டு வாசலில் ஓடும் சாலை. இன்னொன்று பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை, ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’. அந்த மூன்று எழுத்து ஏன் தன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவர் படிக்கும் வேகம் ஆப்பிளுக்கு வராது.

பாம்பன்காரருக்கு வேண்டியிருந்தது கடல் ஆங்கிலம். படகில் வி.எச்.எஃப். ரேடியோக் கருவி வைத்திருந்தார். அபாயத்தில் கூப்பிடும் 16ஆம் சேனலை அவருக்குத் தெரியும், அதில் என்ன சொல்வது என்பதுதான் தெரியாது. நானும் அவரோடு சேர்ந்துதான் படித்தேன். ‘மேடே’ மூன்று தடவை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். ‘மேடே’க்கு மே மாதத்தோடு சம்பந்தம் இல்லை, ‘எனக்கு உதவு’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. சினிமாவில் வரும் ‘ஓவர் அண்ட் அவுட்’ தப்பு. ‘ஓவர்’ என்றால் நான் முடித்தேன், நீ பேசு. ‘அவுட்’ என்றால் பேச்சே முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், பேசு என்று சொல்லி வாயைப் பொத்துவது போல. கப்பல்காரர்கள் நாட்டுக்கு நாடு வேறு வேறு மொழி பேசுகிறவர்கள் என்பதால், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கடலில் பேசவென்றே நிலையான வாக்கியங்களை ஏற்றுக்கொண்டது. அலங்காரம் எதுவும் இல்லாத ஆங்கிலம். காதில் சரியாக விழாவிட்டால் ‘ஐ பெக் யுவர் பார்டன்’ கிடையாது. ‘ஸே அகெய்ன்’, தீர்ந்தது.

இந்த ‘ஸே அகெய்ன்’ எங்கள் வகுப்பையே மாற்றிவிட்டது. புரியவில்லை என்று சொல்ல இத்தனை நாள் கூச்சப்பட்டவர்கள், இது கேப்டன்கள் பேசும் பேச்சு என்று தெரிந்ததும், கையை வாயருகே மைக் போலப் பிடித்துக்கொண்டு “ஸே அகெய்ன், ஓவர்” என்றார்கள். லாத்தா துபாய்ப் பேரனிடமும் இதையே சொல்கிறாராம். வங்காளத் தம்பிக்கு மேஸ்திரி ஒருத்தர் இரண்டு நாள் கூலியைப் பிடித்துவைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தபோது, அவன் அசையாமல் நின்று மூன்று தடவை “ஸே அகெய்ன்” சொன்னானாம். கூலி வந்தது. அவர் எதற்குப் பயந்தார் என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

பஹ்ரைனில் அரபிகளுக்குப் ‘ப’ வராது, ‘பார்க்கிங்’கைப் ‘பார்க்கிங்’ என்பார்கள் என்று பாம்பன்காரர் ஒருநாள் நடித்துக் காட்டினார். வகுப்பே உருண்டு சிரித்தது. எழுதும்போதுதான் தெரிகிறது, நம் எழுத்தில் இந்த ஜோக் செத்துப்போகிறது, கார் நிறுத்துவதும் நாய் குரைப்பதும் நமக்கு ஒரே ‘ப’. சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

நான் அதிகம் நினைப்பது விடைபெறும் பாடம் நடந்த நாளைத்தான். ‘ஐ ஆம் கோயிங்’, ‘குட் பை’. பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார், தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிறவர். அவர் மாமியார் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர். எல்லாரும் சொன்னார்கள், அந்த அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, “கடலுக்குப் போற வீட்டுல போறேன்னு சொல்லமாட்டோம் டீச்சர். இங்கிலீசுல சொன்னா மட்டும் கடலுக்குப் புரியாதா?” என்றார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ‘போயிட்டு வர்றேன்’தான். வங்காளத் தம்பி எழுந்து, அவர்கள் ஊரில் கிளம்பும்போது ‘ஆஷி’ என்போம், ‘வருகிறேன்’ என்று அர்த்தம், போவதைச் சொல்வதே இல்லை என்றான். மன்னார்ப் பெண், “நாங்கள் போட்டு வாறன் எண்டுவம். சிங்களவரும் ‘கிஹின் என்னம்’ எண்டுதான் சொல்லுவினம், போயிட்டு வாறன் எண்டு” என்றாள். பீகார்த் தம்பி மட்டும் “சல்தே ஹைன்” என்று சொல்லிவிட்டு, எல்லாரும் தன்னை ஒரு மாதிரி பார்ப்பதைக் கண்டு அவசரமாக, “ஃபிர் ஆயேங்கே, ஃபிர் ஆயேங்கே” என்று சேர்த்துக்கொண்டான்.

ஆங்கிலக்காரரும் அப்படி ஒன்றும் துணிச்சல்காரர் இல்லை, ‘குட் பை’ என்பதே ‘கடவுள் உன்னோடு இருக்கட்டும்’ என்ற பழைய வாக்கியம் தேய்ந்து வந்ததுதான் என்று சொன்னேன். அந்த அக்கா தலையை ஆட்டினார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஸீ யூ’ என்று ஒன்று இருக்கிறது, பார்ப்போம் என்று அர்த்தம் என்றேன். அது அவருக்குச் சம்மதம். ஆனால் வகுப்பு அதற்குள் தானாகவே ஒரு வாக்கியம் செய்துவிட்டிருந்தது: ‘ஐ கோ அண்ட் கம்’. தப்பு என்று எனக்குத் தெரியும். இதைத் திருத்தாமல் விட்டதற்குப் பழைய சக ஆசிரியைகள் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். கப்பலிலோ ஆபீஸிலோ ‘ஸீ யூ’ சொல்லுங்கள், இந்த மாடியிலிருந்து இறங்கும்போது உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். வகுப்பு நடந்த கடைசி நாள்வரை, இரும்புப் படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டே ஒவ்வொருவராக “கோ அண்ட் கம்” சொல்வது கேட்கும். கீழே வலைக்கடைக்காரரும் கடையை அடைக்கும்போது அதையே சொல்லப் பழகியிருந்தார்.

ஏபிசிடியை மூட்டை கட்டி வையுங்கள். தொண்டைக்கட்டுக்குப் பனங்கற்கண்டும் மிளகும் போதும். வருகிற வெள்ளிக்கிழமை அந்த ஒடிசாத் தம்பிகளை முதலில் பேசவிடுங்கள். வேலைக்காக வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று வாசலில் நின்று அம்மாவிடம் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். எனக்குப் பதில் தெரியும், சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு எழுதுங்கள். தொண்டியில் நண்டு என்ன விலை போகிறது என்பதையும் அதோடு சேர்த்து.

அன்புடன்,
அக்கா